பந்தியில் உட்காராத வாத்தியார்

எங்களுடையது ஆக்குபேஷனல் தெரபி பிரிவு, நோயால் கைகால் முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்கும் இடம். இங்கே இன்டர்ன்ஷிப் வரும் மாணவர்களிடம் கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்து அனுப்புகிறார்கள். செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து யோசிப்பதற்காகக் கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988ல் வகுத்த சுழற்சியை ஒட்டி அதில் ஆறு கட்டங்கள் இருக்கும். என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி ஆனது, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வீர்கள். வாரக் கடைசியில் ஆறு கட்டமும் அழகாக நிரம்பி என் மேஜைக்கு வரும். "பொறுமையின் அவசியத்தைக் கற்றுக்கொண்டேன்." "குடும்பத்தாரின் ஒத்துழைப்பு முக்கியம் என்று உணர்ந்தேன்." நோயாளியின் பெயரை மாற்றிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை நடந்ததைச் சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் வரும். கிப்ஸின் ஆறு கேள்வியும் நல்ல கேள்விகள்தான். ஆனால் எழுத ஒரு சம்பவம் வேண்டுமே! அது மனதில் தங்குவதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுகிறார்.

நான் தென் மாவட்டம் ஒன்றில், பெரும்பாலும் ஸ்ட்ரோக் வந்தவர்களோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். (பாதிப் பேருக்கு நான் "பிசியோ மேடம்". திருத்துவதை விட்டு வெகுநாள் ஆகிறது.) என் நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டிருக்கும். ஒரு பக்கம் எதிர்பார்த்தது, மறுபக்கம் நடந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் எழுதுவதில்லை. வேறாக இருந்தால் அப்போதே இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் 'உணர்ந்தேன்' என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்கிறேன். நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இதனால் என்ன கிடைக்கிறது என்றால், வாத்தியார் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு, அதனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்குப் பாதிப்பில்லை. சில மாதங்களில் நடந்தார், சட்டை போட்டார், இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். வலது கை விரல்களும் மடங்க ஆரம்பித்திருந்தன, விரிவதுதான் சிரமம். அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்தல் இண்டெக்ஸில் சாப்பாட்டுக்கு உள்ள 10 மதிப்பெண்ணையும் போட்டாயிற்று. துணைக்கருவியோடு சாப்பிட்டாலும் யார் உதவியும் இல்லாமல் சாப்பிட்டால் 10 உண்டு, அதனால் விதிப்படி சரிதான். 1965ல் அமெரிக்காவில் வெளியான அந்த அளவுகோலை நாங்கள் இன்றும் தினமும் எடுக்கிறோம். அதன் மூல விளக்கத்தில் சாப்பாட்டுப் பகுதியைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். உணவை நறுக்கிக்கொள்ள வேண்டும், உப்பு மிளகு போட்டுக்கொள்ள வேண்டும், வெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். குழம்பை ஊற்றிப் பிசைவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒருநாள் அவர் மனைவி பேச்சுவாக்கில் சொன்னார். "எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேங்கிறாரு மேடம். அண்ணன் பேத்தி கல்யாணத்துக்கே மொய்யை என்கிட்ட கொடுத்து விட்டுட்டாரு."

நடை தாங்கித் தாங்கி இருப்பதால் வெட்கப்படுகிறார் என்று எதிர்பார்த்து அவரிடமே கேட்டேன்.

"நடக்கிறதுல என்னம்மா வெட்கம்? என் வயசுல பாதிப் பேரு நொண்டத்தான் செய்றான். பந்தியில உட்கார்ந்து இலையில இடது கையை வைக்கச் சொல்றீங்களா? பக்கத்துல இருக்கிறவன் எந்திரிச்சுப் போயிருவான்."

"ஸ்பூன் இருக்கே ஐயா?"

"இலையில ஸ்பூன் போட்டு வழிச்சா சோறு வெளிய போகுது. நீங்க சாப்பிட்டுப் பாருங்க."

அன்று மதியம் வாழையிலை வாங்கி வந்து இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இலைக்கு விளிம்பு கிடையாது. ஸ்பூன் எதன்மேல் முட்டிச் சோற்றை ஏந்தும்?

அவர் ஃபைலில் அன்றுவரை 'வலது கைப் பிடிமானம், விரல் விரிப்பு' என்று இலக்கு எழுதியிருந்தது. துணிக் கிளிப், மரக்கட்டை, தெரபி களிமண் என்று பயிற்சி போய்க்கொண்டிருந்தது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த இலக்கு யாருடையது? அன்று அதை அடித்துவிட்டு 'பந்தியில் வலது கையால் சாப்பிடுவது' என்று எழுதினேன்.

கையால் சாப்பிடுவதைக் கூறு போட்டுப் பார்த்தால் அது லேசான வேலை இல்லை. விரல்களை விரித்துச் சோற்றின் மேல் வைக்க வேண்டும். விரல் நுனிகளால் அழுத்திப் பிசைய வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக்கூடாது. பக்கவாட்டிலிருந்து ஒதுக்கிச் சேர்க்க வேண்டும். நான்கு விரலும் லேசாகக் குழிந்து ஏந்த, கட்டைவிரல் மேலே காவல் இருக்க வேண்டும். முன்கையைத் திருப்பி வாய்வரை சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். கடைசியாகக் கட்டைவிரல் உணவை உள்ளே தள்ள வேண்டும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அந்தக் கட்டைவிரல் தள்ளுதான் கடைசியில் வரும், சிலருக்கு வராமலே போகும். பிறந்ததிலிருந்து கையால் சாப்பிட்டும், இந்த வரிசையை நான் அதுவரை எழுதிப் பார்த்ததில்லை. பாடத்தில் முள்கரண்டி பிடிப்பு இருந்தது, அதைத்தான் மனப்பாடம் செய்தோம்.

இதைச் செய்ய நினைக்கும் இளம் தெரபிஸ்டுகளுக்காக, எங்களுக்குக் கைகொடுத்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். விழுங்குவதில் சிக்கல் இருக்கிறதா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லாமல் வாய்க்கு எதுவும் போகக்கூடாது. ரசம் சோறு போலத் தண்ணீரும் பருக்கையும் கலந்தது விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஆபத்து. அடுத்தது, விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்பது. சூடு தெரியாத விரலைக் கொதிக்கும் சாம்பாரில் வைத்தால் கொப்புளம்தான். ஆறிய உணவில்தான் தொடங்க வேண்டும், அதுவும் நல்ல கை முதலில் தொட்டுப் பார்த்த பிறகு.

சுலபமானது கெட்டியாகக் குழைத்த தயிர்சாதம். அது ஒன்றோடொன்று ஒட்டும், விரல் சரியாகக் குழியாவிட்டாலும் உருண்டையாக வரும். அப்புறம் பொங்கல், உப்புமா. அதற்கு மேலே சாம்பார் சாதம். இட்லி மெத்தென்று இருப்பதால் சுலபம் என்று மாணவர்கள் நினைப்பார்கள். கிள்ளுவதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே அழுந்த வேண்டும், அது அடுத்த படி. தோசையை ஒரே கையால் பிய்ப்பது இன்னும் மேலே, ஏனென்றால் சில விரல்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மற்றவை இழுக்க வேண்டும். பரோட்டாவைப் பற்றிக் கேட்காதீர்கள். பாத்திரத்திலும் ஒரு வரிசை உண்டு. முதலில் உயர்ந்த விளிம்புள்ள தட்டு, அடியில் ஈரத்துணி விரித்து நகராமல். சோற்றை விளிம்பில் முட்டவைத்துச் சேர்க்கலாம். பிறகு சாதாரணத் தட்டு. கடைசியாக இலை.

வாத்தியார் மனைவி வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவருவார். மதியம் ஒரு மணி ஸ்லாட்டை அவருக்குக் கொடுத்தோம், நிஜமான பசி வேண்டும் என்பதால். முதல் சில நாள் மடியெல்லாம் சோறு. நான் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. பயிற்சி அறையில் எல்லோர் நடுவிலும் சாப்பிட மாட்டேன் என்றார். சரி என்று திரை போட்டு மறைத்தோம். திரைக்குள் கை நன்றாக வந்தது, திரையை எடுத்தால் விரல்கள் இறுகின. ஆள் பார்க்கும்போது உடம்பு இறுகுகிறது, இறுகினால் விரல் மடங்குகிறது. பந்தி என்பதே பத்துப் பேர் பார்க்கிற இடம். எனவே பார்வையாளர்களையும் படிப்படியாகக் கூட்ட வேண்டியிருந்தது. முதலில் மனைவி, அப்புறம் ஒரு இன்டர்ன், அப்புறம் எதிரே சாப்பிட்டுக்கொண்டே நான். கையின் வலிமையை அளக்கும் எந்தக் கருவியும் இதைச் சொல்லியிருக்காது.

கடைசியில் ஒரு காதுகுத்துக்குப் போனார். வரிசையின் ஓரத்து இலை, வலப்பக்கம் மனைவி. சாம்பார் வரை கையால். ரசத்துக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இலையில் ஊற்றவிடாமல் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டார், அதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. 1991ல் கனடாவில் உருவான சிஓபிஎம் என்ற அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் நோயாளியே தனக்கு முக்கியமான வேலைகளைச் சொல்லி, எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் போடுவார். வாத்தியாரிடம் கேட்டபோது, "செய்றதுக்கு 5தாம்மா, பாஸ் மார்க்குதான். திருப்திக்கு 8 போட்டுக்கங்க" என்றார். பார்தலில் முன்பும் 10, இப்போதும் 10.

டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1983ல் இரண்டு வகை யோசனையைப் பிரித்துச் சொன்னார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கை ஓடியபடி யோசிப்பது ஒன்று. முடிந்தபின் திரும்பிப் பார்த்து யோசிப்பது இன்னொன்று. பாடத்தில் இரண்டாவதைத்தான் நமக்குப் படிவமாகத் தருகிறார்கள். ஆனால் திரைக்குள் விரல் தளர்ந்ததைக் கவனித்த கணம் முதல் வகையைச் சேர்ந்தது. அதற்குப் படிவம் கிடையாது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது மட்டும் என் அனுபவத்தில் தெரிகிறது. முடிந்தபின் எழுதும் பழக்கம் உள்ளவருக்குத்தான் நடக்கும்போதே வித்தியாசம் கண்ணில் படுகிறது. எழுதாதவர் 'இன்று கொஞ்சம் டைட்டாக இருக்கிறது' என்று சொல்லி விரலை நீவிவிட்டுப் போய்விடுவார்.

நோட்டில் நடுக்கோட்டின் மறுபக்கம் எப்போதும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நினைக்க வேண்டாம். 'நோயாளியின் சொந்தத் தொழிலையே பயிற்சியாகக் கொடு, கை தானாக விழித்துக்கொள்ளும்' என்று எங்கள் துறையில் ஒரு நம்பிக்கை உண்டு. பூக்கார அம்மா ஒருவர் அதற்கு நல்ல பதில் வைத்திருந்தார்.

அவருக்கு இடது கை பாதிப்பு. தெருத்தெருவாகக் கூடை தூக்கிப் பூ விற்றவர். மல்லிகையும் நாரும் வரவழைத்துக் கொடுத்தோம். பூக் கட்டுவதில் ஒரு கை காம்புகளைச் சேர்த்துப் பிடிக்கும், மற்றது நாரைச் சுற்றி இறுக்கும். அவருடைய பிடிக்கும் கைதான் பழுது. ஒன்று காம்பை நசுக்கியது, இல்லையென்றால் நழுவவிட்டது. அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்திருந்த மாணவிக்கு முகம் விழுந்துவிட்டது. அம்மா கட்டிய சரத்தை ஒரு உலுக்கு உலுக்கினார், பூ உதிர்ந்தது.

"இது கட்டா? மாட்டுக்குப் போடுற மாலைகூட இதைவிட நல்லாருக்கும். இதை வித்துட்டு மறுநாள் அதே தெருவுல நான் எப்படிக் கூவுறது கண்ணு?"

கூம்பையும் கட்டையையும் அடுக்கச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்ததே இல்லை. அதில் தோற்றால் கட்டை விழும், அவ்வளவுதான். பூவில் தோற்றால் அவர் நாற்பது வருடமாக யாராக இருந்தாரோ அது விழுகிறது. தெரிந்த தொழிலைக் கையில் கொடுப்பது மருந்துதான், ஆனால் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. கை அந்த வேலையின் தரத்துக்குப் பக்கத்திலாவது வரும்வரை, அந்தத் தொழிலின் ஓரமான ஒரு வேலையைத் தேடுவது நல்லது. எது ஓரம் என்பது நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

அந்த அம்மாவே சொன்னார். "கட்டுறதுக்குத் தங்கச்சி மக இருக்கா. அளக்கிறதுதான் என் கையில இருக்கணும். அவ கை நீளம், அவ முழம் போட்டா முழத்துக்கு ரெண்டு பூ கூடப் போகுது."

முழம் போடுவது முழங்கையிலிருந்து விரல் நுனிவரை. அவர் எப்போதும் இடது கையில்தான் அளப்பார், அந்த விரல்கள் இப்போது மடங்கியிருந்தன. மடங்கினால் முழம் குறையும், வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். வலது கையில் அளக்கலாமே என்றால், சரத்தை முழங்கைவரை இழுத்துப் பிடிக்கும் வேலை இடது கைக்கு வருகிறது, அது இன்னும் கஷ்டம். ஆக, விரலை நீட்டி வைப்பதுதான் இலக்கு. உள்ளங்கையை மேஜையில் ஊன்றி உடம்புப் பாரத்தைக் கொடுத்து இறுக்கத்தைத் தளர்த்துவது, ராத்திரிக்கு விரலை நீட்டிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட், அப்புறம் நூலை வைத்து முழம் போடுவது. மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் நான் காட்டும் டிகிரியை அவர் கண்டுகொண்டதில்லை. நூலில் பழைய முழத்துக்கு முடிச்சுப் போட்டு வைத்து, இன்றைய முழம் அதற்கு எவ்வளவு குறைகிறது என்று அவரே பார்த்துக்கொள்வார். முழுதாக எட்டவில்லை. ஒரு விரற்கடை குறைந்தது. அதற்கு ஈடாகக் கொசுறு கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

1980களின் பின்பாதியில் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கத்தின் ஆதரவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு நடந்தது. செரில் மாட்டிங்லி என்ற மானிடவியலாளரும் மொரீன் ஃபிளெமிங் என்ற தெரபிஸ்ட்டும் அதில் முக்கியமானவர்கள். தெரபிஸ்டின் மனம் மூன்று தடங்களில் ஓடுகிறது என்றார் ஃபிளெமிங். நோய்க்கு என்ன முறை என்பது ஒன்று, எதிரே இருக்கும் ஆளோடு எப்படிப் பழகுவது என்பது இரண்டு, இவர் வாழ்க்கை இனி எப்படி ஆகக்கூடும் என்று கற்பனை செய்வது மூன்று. மாட்டிங்லி கவனித்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. ஃபைலில் எழுதும்போது தெரபிஸ்டுகள் ஒரு மாதிரி பேசுகிறார்கள், தங்களுக்குள் பேசும்போது கதையாகச் சொல்கிறார்கள். உண்மையான யோசனை பெரும்பாலும் கதையில்தான் இருக்கிறது.

எங்கள் பிரிவில் அது டீக்கடை பெஞ்சில் நடந்துகொண்டிருந்தது. யாருக்கு எந்த வீட்டில் என்ன நடந்தது, எந்த மருமகள் மாமனாரைக் கைத்தாங்கலாகத் தூக்குகிறேன் என்று பழுதான தோளைப் பிடித்து இழுத்தாள், யார் கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போட்ட பிறகு, ஸ்ட்ரோக்குக்குப் பின் கவனிக்காமலே விட்டிருந்த இடப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார். சீனியர் ஒருவர் டீ குடிக்கிற நேரத்தில் சொன்னது, படித்த நாலரை வருடத்தில் நான் கேட்காதது. ஆனால் பெஞ்சுக்கு இன்டர்ன்கள் வருவதில்லை, பக்கத்தில் வெளியாட்கள் இருப்பார்கள், நோயாளி பெயர் காதில் விழும். அதனால் அந்தப் பேச்சை வாரம் ஒருமுறை கதவைச் சாத்திய அறைக்குள் கொண்டுவந்தோம். டீ உண்டு, ஃபைல் கிடையாது, பெயர் கிடையாது. ஒருவர் ஒரு 'எதிர்பார்த்தது, நடந்தது' சொல்ல வேண்டும். கேட்பவர்கள் உடனே யோசனை சொல்லக்கூடாது, முதலில் கேள்விதான் கேட்கலாம். இந்த விதி சீனியர்களுக்குத்தான் கஷ்டம், எனக்கும் சேர்த்து.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. கதை நன்றாக இருந்தால் அது உண்மையாகிவிடுகிறது. 'என் அனுபவத்தில் இப்படித்தான்' என்ற வாக்கியத்தை வைத்துத் தவறான முறையைப் பல வருடம் ஓட்டிவிட முடியும், நோயாளிகள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். வராமல் போனவர்களின் கதை யார் நோட்டிலும் இருக்காது. ஆகவே அளவுகோல்களை நான் கேலி செய்தாலும் எடுப்பதை நிறுத்துவதில்லை. பார்தல், விரல் இறுக்கத்துக்கு ஆஷ்வொர்த், அவர்களே போடும் சிஓபிஎம் எல்லாம் எடுத்து, மாதம் ஒருமுறை நோட்டைத் திறந்து எண்களோடு ஒத்துப் பார்க்கிறேன். எண் ஏறியும் ஆள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தால் கதையைத் தேட வேண்டும். கதை நன்றாக இருந்தும் எண் அசையாமல் இருந்தால் முறையைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு விஷயம், சுயசார்பு. நாங்கள் படித்ததெல்லாம் அதை நோக்கித்தான். ஆனால் பேரன் பாட்டிக்கு ஊட்டிவிடும்போது, "அவங்களே சாப்பிடணும், விடு தம்பி" என்று குறுக்கே போவது எல்லா வீட்டிலும் சரியாக வராது. ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "காலையில நானே சாப்பிட்டுக்கிறேன் தாயி. ராத்திரி அவன் ஊட்டினாத்தான் எனக்கு இறங்கும்." இடப்பக்கம் 'மூன்று வேளையும் தானே சாப்பிடுவது' என்றிருந்தது. வலப்பக்கம் அவர் சொன்னதை அப்படியே எழுதி, இலக்கை இரண்டு வேளையாகக் குறைத்தோம். ஃபைலில் இதை எழுத இடம் இல்லை, 'பகுதி உதவி' என்று போட்டேன்.

இன்டர்ன்களுக்கு இப்போது நான் சொல்வது இவ்வளவுதான். கல்லூரிப் படிவத்தை நிரப்புங்கள், மார்க் வேண்டுமே. ஆனால் தினமும் இரண்டு வரி, வேலை நடந்த இடத்திலேயே. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பஸ் ஏறுவதற்குள் எழுதுங்கள். வாசல்படி எத்தனை, கழிப்பறைக் கதவு உள்ளே திறக்கிறதா வெளியேவா, தண்ணீர்க் குடம் எந்தப் பக்கம், வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது. நோயாளியைப் போனில் படமெடுத்தால் முதலில் அவரிடமும் வீட்டாரிடமும் கேளுங்கள், பார்த்து முடித்ததும் அழியுங்கள், குரூப்பில் போடாதீர்கள். நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர் வேண்டாம். 'வாத்தியார்', 'பூக்கார அம்மா' போதும். போஸ்டிங் முடியும்போது அந்த நோட்டை என்னிடம் காட்டத் தேவையில்லை. அதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள், எந்தப் பக்கம் என்பது உங்கள் விருப்பம்.